உஷார்! ஆயிரம் ரூபாய் சலானுக்குப் பின்னால் வரும் செலவு உங்களுக்குத் தெரியுமா?

வீட்டில் டூ-வீலர் இருக்கிறதா? அப்படியென்றால் இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

போனுக்கு மெசேஜ் ஒன்றும் வரவில்லை, அதனால் நம் வண்டி மேல் அபராதம் எதுவும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாமலே உங்கள் வண்டி மேல் சலான் ஏறிக்கொண்டிருக்கலாம். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி நிற்கும். ஒருநாள் வண்டியை விற்கப் போகும்போது, அல்லது பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது, மொத்தமாக முகத்தில் வந்து அடிக்கும்.

அரியக்குடியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த ஆச்சி பட்ட மனக்கஷ்டமே போதும்.

மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டார். வண்டி அவர் பெயரில், வீட்டு முகப்பில் நின்றது. சும்மா நிற்கிற வண்டிதானே என்று ஆச்சியின் தம்பி மகன் எடுத்து ஓட்டினான். காரைக்குடிக்குப் போவான், மருந்து வாங்குவான், காய்கறி வாங்குவான், ஆச்சியைப் பெருமாள் கோயிலில் இறக்கிவிடுவான். நல்ல பிள்ளைதான். ஆனால் ஹெல்மெட் போட மாட்டான். பெரியார் சிலைப் பக்கம் ஒருநாள் சலான் போட்டார்கள். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், ஆச்சியிடம் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு நாள் மூன்று பேராக வந்தபோது பிடித்தார்கள். ஹெல்மெட்டும் இல்லை. அடுத்த தடவை இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. அது முடிந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஏன் தெரியவில்லை? ஆர்.சி.யில் பதிவாகியிருந்தது மகனுடைய பழைய நம்பர். சிங்கப்பூர் போனதும் ரீசார்ஜ் இல்லாமல் அந்த சிம் செத்துவிட்டது. சலான் மெசேஜ், இன்சூரன்ஸ் மெசேஜ் எல்லாம் செத்த நம்பருக்கே போய்க்கொண்டிருந்தன. இதிலே இன்னொரு ஆபத்தும் உண்டு. துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் வண்டிச் செய்தியெல்லாம் யாரோ முன்பின் தெரியாதவர் கையில்!

மகன் விடுமுறைக்கு வருவதற்கு முன்னால் வண்டியை விற்றுவிடலாம் என்று ஆச்சி நினைத்தார். விவரம் பார்க்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. ஹெல்மெட்டுக்கு 1,000. மூன்று பேர் போனதற்கு 1,000, அன்றைக்கும் ஹெல்மெட் இல்லாததற்கு இன்னொரு 1,000. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000. ஆக 5,000 ரூபாய்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "ஆச்சி, இது கோர்ட்டுக்குப் போயிருச்சு. ஆள் வச்சுப் பேசணும். ஆறாயிரத்து ஐந்நூறு கொடுங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றார். ஆச்சி பயந்துபோனார். கோர்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்தத் தலைமுறைக்குக் கை நடுங்கும். பீரோவில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மகன் போனில் கேட்ட முதல் கேள்வி: "ஆத்தா, ரசீது வாங்குனீகளா?"

ரசீது இல்லை. பணம் கட்டவும் இல்லை. சலான் அப்படியே பாக்கியாக நின்றது. மகன் சிங்கப்பூரில் இருந்தபடியே 5,000 ரூபாயைத் திரும்பக் கட்டினார். மொத்தம் 11,500. ஆயிரம் ரூபாயில் தொடங்கியது இது. அந்தப் பழைய வண்டியே அந்த விலைக்குப் போகுமா என்பது சந்தேகம்.

இது உங்கள் வீட்டில் நடக்காது என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கிறார். வண்டி ஒருவர் பெயரில், ஓட்டுவது இன்னொருவர், போன் நம்பர் மூன்றாமவருடையது. இப்படித்தான் முக்கால்வாசி வீடு ஓடுகிறது.

அபராதம் பழைய அபராதம் இல்லை. முதலில் இதை மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் வந்தன. ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய் கட்டிய காலம் போய்விட்டது. இப்போது 1,000. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். அவர் போடாவிட்டாலும் 1,000.

ஆனால் அந்த ஆயிரத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைச் சீட்டைப் பார்த்து யாரும் புரிந்துகொள்வதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியில்லை என்றும் சட்டம் சொல்கிறது. பிரிவு 194டி. மூன்று பேராகப் போனாலும் இதே தண்டனைதான், பிரிவு 194சி. லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர், ஆக்டிங் டிரைவராகப் போகிறவர், டெலிவரி வேலை பார்க்கிற பிள்ளை, இவர்களுக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மூன்று மாதம் அடுப்பு எப்படி எரியும்? ஆயிரம் ரூபாயை எங்கேயாவது புரட்டிவிடலாம். மூன்று மாதச் சம்பளத்தை யார் தருவார்கள்?

இரண்டாவது தடவை மாட்டினால் தொகை ஏறும். இதுவும் பலருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதலில் 1,000. மறுபடி அதே தப்பு என்றால் 10,000! தனிப் பிரிவு இல்லாத சின்னச் சின்னத் தவறுகளுக்கு முதல் முறை 500, அடுத்து 1,500. போதாக்குறைக்கு, மத்திய அரசு அறிவித்தால் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று அபராதங்களைப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இவ்வளவு ரூபாய் போகிற இடத்தில், 150 சிசி வரையுள்ள சாதாரண பைக்குக்கு ஒரு வருஷத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எவ்வளவு தெரியுமா? 2022 ஜூனில் நிர்ணயித்தது 714 ரூபாய், வரி தனி. எழுநூறு ரூபாயைச் சேமிக்கப்போய் இரண்டாயிரம், நாலாயிரம் தண்டம் கட்டுவதா? விபத்து நடந்துவிட்டால் நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில். அது லட்சக் கணக்கு. வீடு வாசலை விற்கும்படி ஆகிவிடும்.

வண்டியை இரவல் கொடுக்கிறீர்களா? நில்லுங்கள்! லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் அவருக்கு 5,000. அவரிடம் வண்டியைக் கொடுத்த உங்களுக்கும் தனியாக 5,000. பதினெட்டு வயது நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் கதையே வேறு. பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. "பக்கத்துக் கடைக்குத்தானே போறான்" என்று சொல்கிற அம்மாக்களே, தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்.

சின்னச் சீட்டு எப்படி ஒரு ஆளை விழுங்கும் என்பதற்கு அமெரிக்காவில் பதிவான ஒரு விஷயம் இருக்கிறது. மிசூரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்ற ஊர். 2007ல் ஒரு பெண் காரைத் தப்பான இடத்தில் ஒரே ஒரு தடவை நிறுத்தினார். இரண்டு சீட்டு, 151 டாலர் அபராதம், மேலே கட்டணங்கள். கையில் பணம் இல்லை. வாய்தாவுக்குப் போகவில்லை என்று அதற்கும் அபராதம் சேர்ந்தது. இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 2014 டிசம்பருக்குள் அவர் கட்டியது 550 டாலர். அப்போதும் 541 டாலர் பாக்கி! நடுவில் 25 டாலர், 50 டாலர் என்று முடிந்ததைக் கட்டப் போனபோது முழுசாகக் கட்டினால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இது அத்தனையும் இருக்கிறது. கலிபோர்னியாவில் கையில் போனோடு கார் ஓட்டினால் அடிப்படை அபராதம் 20 டாலர்தான். நீதிமன்றக் கட்டணம், மாவட்டக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறி 160 டாலரைத் தாண்டிவிடும்.

நம் ஊர்ச் சலானில் அப்படிக் கட்டணத்தின் மேல் கட்டணம் அச்சடித்து வருவதில்லை. நம்மிடம் மேல்செலவு வேறு வழியில் நுழைகிறது. தெரியாமல் விட்டுவிடுவதால் நுழைகிறது. பயத்தால் நுழைகிறது. நடுவில் நிற்கிற ஆளால் நுழைகிறது.

இப்போது ஆபத்து அறிகுறிகளைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

"கோர்ட்டுக்குப் போயிருச்சு" என்று சொல்லி யாராவது பணம் கேட்கிறாரா? முதலில் அது உண்மையா என்று பாருங்கள். சலான் நிலவரத்தை மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் நீங்களே பார்க்கலாம். வண்டி நம்பரும், சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தும் போதும். இரண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கின்றன. பிரவுசிங் சென்டரில் உதவி கேட்டால் அவர் உழைப்புக்கு ஒரு தொகை கொடுங்கள், தப்பில்லை. ஆனால் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். அபராதம் தனி, அவர் கூலி தனி. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே தொகையாகச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். பணம் கட்டியதற்கான ரசீது கைக்கு வராமல் எழுந்து வராதீர்கள்.

ரோட்டில் நிறுத்தி, "சீட்டு வேணாம்னா பாதி கொடுத்துட்டுப் போங்க" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பாதி என்றதும் லாபம் என்று தோன்றும். ரசீது இல்லாத பணம் கணக்கில் ஏறாது. நாளைக்கே அதே தவறுக்குப் படத்தோடு சலான் வந்தால் என்ன காட்டுவீர்கள்? "மெஷினில் போட்டுச் சீட்டு கொடுங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். லைசென்ஸ், ஆர்.சி. கையில் இல்லை என்று மிரளவும் வேண்டாம். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினாலும் செல்லும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது வாட்ஸ்அப்பில் வருகிற சலான். உங்கள் வண்டி நம்பரையே போட்டு வரும். அரசு முத்திரை இருக்கும். கூடவே ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கும். தொட்டுவிடாதீர்கள்! அது சலான் கிடையாது. போனுக்குள் புகுந்து, ஓடிபி மெசேஜ்களைப் படித்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிற திருட்டுச் செயலி. அரசு எந்தச் சலானையும் ஏபிகே ஃபைலாக அனுப்புவதில்லை. லிங்க் வந்தாலும் அதைத் தொடாமல் நீங்களே தளத்தைத் திறந்து பாருங்கள். உண்மையான தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். அதற்குப் பின்னால் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தாலும், வேறு எப்படி முடிந்தாலும், போலி. "இன்றைக்கே கட்டாவிட்டால் கைது" என்று அவசரப்படுத்தினால் சந்தேகமே வேண்டாம், அவன் திருடன்.

தெரியாமல் தொட்டுவிட்டீர்களா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே இன்டர்நெட்டை அணையுங்கள். வேறு போனிலிருந்து 1930க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

சலான் உண்மையானதுதான், ஆனால் தப்பு உங்களுடையது இல்லை என்றால்? கட்டித் தொலைப்போம் என்று கட்டிவிடாதீர்கள். கேமரா வழியாகப் போடும் சலானுக்கு, சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் விதி வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது உங்கள் வண்டிதானா? நம்பர் பிளேட்டில் 3ஐ 8 என்று படித்திருக்கலாம், வேறு யாராவது உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு சுற்றலாம். அப்படியானால் தளத்திலேயே புகார் பதியுங்கள், போலீஸுக்கும் எழுதிக் கொடுங்கள். நம்பரைத் திருடியவன் நாளைக்குச் செயின் பறித்தால் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

வெளிநாட்டுக்குக் கிளம்புகிற பிள்ளைகளே, பெட்டி கட்டும்போதே ஆர்.சி.யில் இருக்கிற போன் நம்பரை ஊரில் இருப்பவர் நம்பருக்கு மாற்றிவிடுங்கள். பரிவாகன் தளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. இன்சூரன்ஸ் முடிகிற தேதியை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கடைசியாக, வண்டியை விற்றவர்களுக்கு. சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு முடிந்தது என்று இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். ஒரு காரை விற்று, அது பல கை மாறிய பிறகு நடந்த விபத்துக்கு, பெயர் மாற்றாத முதல் உரிமையாளரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, "நான் பார்த்துக்கிறேன்" என்கிற புரோக்கரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலையும், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்ட அவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், அன்றைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் முடித்துவிட்டு வாருங்கள்.