மாமல்லபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சுத் தொடங்கும். செலவைக் கணக்கிட்டதும் மாமல்லபுரத்தில் வந்து நிற்கும். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்து, பிள்ளைகளுக்குச் சங்கு மாலை வாங்கிக்கொடுத்து, அந்தி சாயுமுன் வீடு திரும்பிவிடுவோம். 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற அவ்வூரின் சிறப்பைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆயினும் அதே கடலோரத்தில், அதற்குத் தெற்கேயும் வடக்கேயும், நம் நாட்டு வரலாற்றின் மற்றொரு பகுதி செங்கற்குவியலாகக் கிடக்கிறது. அதைத் தேடி வருவோர் மிகச் சிலரே.

ஒரே நாளில், மின்சார ரயிலிலும் வாடகைக் காரிலுமாக இதைக் கண்டு திரும்பலாம். சுபுஹுத் தொழுகைக்குப் பின் ரயிலேறிவிடுங்கள். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டு சுமார் 60 கி.மீ. தாம்பரத்தைத் தாண்டிய பிறகு கூட்டம் குறையும். குழந்தைகளுக்கு ஜன்னலோரம் கிடைக்கும். ஊர் நெருங்கும்போது இருப்புப்பாதையை ஒட்டி விரியும் கொளவாய் ஏரி, அக்கிடங்கைத் தேடியதற்கே ஈடாகும். செங்கற்பட்டில் இறங்கியதும் கார் பேசும்போது நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, ஓட்டுநர் பேட்டாவும் சுங்கக் கட்டணமும் அதில் அடங்குமா என்பதைப் புறப்படுமுன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரும் சோற்றுக்கட்டும் கையில் இருக்கட்டும். கோட்டைகளில் நிழலே அரிது. வேறு வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் சாலை முடியுமிடத்தில் கடலும் சதுரங்கப்பட்டினமும். "சதுரை" என்பது மக்கள் வழக்கு. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கு வந்து அமர்ந்ததற்குக் காரணம், சுற்றுப்புறத் தறிகளில் நெய்யப்பட்ட மெல்லிய பருத்தித் துணி. அத்துணி கப்பலேறிக் கடல் கடந்தது. செங்கற்கோட்டைக்குள் தானியக் கிடங்குகளின் சுவர்களையும், எழுத்தும் சித்திரமும் செதுக்கப்பெற்ற டச்சுக் கல்லறைகளையும் இன்றும் காணலாம். 1781-இல் ஆங்கிலேயர் இதைப் பறித்தனர். மறு ஆண்டு பிப்ரவரி 17 அன்று, இக்கரைக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. ஹைதர் அலிக்குத் துணையாக வந்த பிரெஞ்சு வீரர்கள் அதன்பின் பரங்கிப்பேட்டையில் கரையிறங்கினர். மைசூர்ப் போரைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவனுக்கு, அப்போரின் ஓர் அலை செங்கற்பட்டுக் கரையைத் தொட்டது என்பதை இங்கே நிறுத்தி வைத்துக் காட்டினால் போதும். பத்துப் பாடங்கள் வேண்டியதில்லை. கோட்டைக்கு அருகிலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதையும் அவன் தானே கண்டு வியப்பான்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்லுங்கள். பாலாற்றுப் பாலம் கடந்து, கூவத்தூர் தாண்டினால், முதலியார்குப்பத்தில் உப்பங்கழி கண்ணுக்கெட்டும் தூரம் பரந்து கிடக்கும். படகுத்துறையும் உண்டு. கழிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணற்திட்டுக்குப் படகில் போய்வருவது சிறுவர்களுக்குத் தீவுப் பயணமாகவே தோன்றும். எனினும் நேரம் குறுகியதாயின் அதை விட்டுவிட்டு, கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக்கே செல்லுமாறு சொல்வேன்.

இப்பயணத்தின் உயிர்நாடி ஆலம்பரைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் எழுந்த துறைமுகக் கோட்டை இது. இங்கே நாணயச் சாலை இருந்தது. சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் இத்துறையிலிருந்து ஏற்றுமதியாயின. 1750-இல், தமக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக, முஸஃப்பர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் ஒப்படைத்தார். பத்தே ஆண்டுகளில், 1760-இல், ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். அவர்கள் விட்டுவைத்ததைக் கடல் தின்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சுனாமியும் தன் பங்கைச் செய்தது. இடிந்த மதிலோரம் நின்றால் ஒருபுறம் மீனவர் படகுகள், மறுபுறம் சுண்ணாம்புக் காரை உதிரும் செங்கற்கள். நம்மவர் தாஜ்மஹாலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவர். தம் பாட்டனார் காலத்து நாணயம் எங்கே வார்க்கப்பட்டது என்று கேட்டால் விழிப்பர். இது எனக்கு நெடுநாளைய வருத்தம். நவாபின் பெயரால் பெருமை கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அரசர்கள் தம் உள்பகைக்குத் துணை தேடி அந்நியருக்குத் துறைமுகங்களை அளித்த கதையும் இதே செங்கற்களில்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதையும் அறிய வேண்டும். ஒரு செங்கல்லைக்கூட நினைவுப்பொருளாக எடுத்துவர விடாதீர்கள்.

திரும்பும் வழியில் மாமல்லபுரம். அங்கே கடலில் குளிக்க இறங்க வேண்டாம், நீரோட்டம் கொடியது. பொழுது இருந்தால் கோவளம் வரை செல்லலாம். நவாப் சஆதத்துல்லாஹ் கான் உருவாக்கிய துறைமுகம் அது. அவர் பெயராலேயே சஆதத் பந்தர் எனப்பட்டது. 1752-இல் கிளைவ் முதலில் இவ்வூரையும் அடுத்துச் செங்கற்பட்டையும் பிடித்தார். கோட்டை இருந்த இடத்தில் இன்று ஆடம்பர ஹோட்டல் இருக்கிறது. ஹழ்ரத் தமீமுல் அன்சாரி அவர்களின் அடக்கத்தலம் உள்ள ஊர் என்பதால் நம்மில் பலர் கோவளம் சென்றிருப்பர். ஆனால் அவ்வூரின் துறைமுகக் கதையைக் கேட்டுவந்தவர் குறைவு.

மஃக்ரிப் தொழுகையை அங்கேயே முடித்துக்கொண்டு, திருப்போரூர் சாலையாகச் செங்கற்பட்டு திரும்பலாம். இரவில் மின்சார ரயில்களுக்கிடையே இடைவெளி அதிகம். ஆகவே நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.