மாவுக்குள் எத்தனை மீட்டர்?

தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் எவ்வளவு என்று கேட்டால் 'மா'வில்தான் பதில் வரும். அதே நிலத்தின் பட்டாவில் 0 - 13.38 என்று ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு இருக்கும். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. பட்டா மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

இரண்டுக்கும் பாலம் ஒரு 12 அடிக் கோல். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஓர் அடி 0.3048 மீட்டர். அப்படியானால் கோல் 3.6576 மீட்டர், குழி 13.38 சதுர மீட்டர், மா சுமார் 1,338 சதுர மீட்டர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஓர் ஏர்ஸ். ஆகவே ஒரு மா 13.38 ஏர்ஸ்; சென்ட்டில் சொன்னால் 33.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில். மீட்டரைச் சென்டிமீட்டராக்க இரண்டு சைபர் போதும். சதுர மீட்டருக்கு நான்கு, கன மீட்டருக்கு ஆறு. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரண்டு சைபரைக் கொண்டுவருகிறது. திருந்திய நெல் சாகுபடியில் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். கணுக்காலைக்கூட எட்டாத தண்ணீர்தான். ஆனால் ஒரு மா முழுக்க அது நின்றால் 33,000 லிட்டருக்கு மேல்!

சோழர் காலக் கணக்கர்கள் பத்தால் வகுக்கவில்லை. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒன்று காணி, 320-இல் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் புதுப் பெயர் தேடாமல் 'கீழ்' என்று முன்னால் சேர்த்தார்கள். உடனே எல்லாம் 320-இல் ஒரு பங்காகச் சுருங்கும். மறுபடி கீழ், மறுபடி 320. மில்லி, மைக்ரோ, நானோ என்று ஆயிரம் ஆயிரமாக இறங்கும் மெட்ரிக் முன்னொட்டுகளின் தந்திரமும் இதுதான். என்னைக் கேட்டால், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சமாளித்த நம் கணக்கர்களே சிக்கனக்காரர்கள்.

அன்றைய கோல் ஊருக்கு ஊர் வேறுபட்டது. இன்றைய வேலியை வைத்துப் பார்த்தால் கீழ்முந்திரி ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் சதுரம். குத்துக்குக் குத்து 25 சென்டிமீட்டர் விட்டு நட்டால் நாலு குத்து நடலாம். முதலாம் இராசராசன் காலத்தில், 1001-ஐ ஒட்டி, நிலம் அளக்கப்பட்டது. அவன் காலக் கல்வெட்டுகளில் வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு இறங்குவதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அது அரை சதுர மில்லிமீட்டர்; ஒரு நெல்மணிகூட உட்காராது. கோல் பிடித்து அதை யாரும் அளந்திருக்க முடியாது. பங்கு பிரித்துப் பிரித்துக் கடைசியில் மிஞ்சிய பின்னத்தையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.