உஷார்! கீமோவுக்குப் பிறகு போடும் சதை, தேறிய அடையாளம் அல்ல

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்த பெண்ணை ஆறு மாதம் கழித்துப் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு. நல்லா சதை போட்டிருக்கே!" வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அங்கேதான் உஷாராக வேண்டும். அந்தச் சதை பெரும்பாலும் உடம்பு தேறியதால் வந்தது அல்ல.

கீமோவின்போது வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது பசியைக் கிளப்பும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு, கீமோவால் அது சட்டென்று நின்றுபோகலாம். களைப்பில் நடமாட்டம் குறையும். தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேரும். எடை ஏறாதபோதே இடுப்பு மட்டும் பெருத்துவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் மேல் நம் வீட்டு அன்பு வேறு: காலையில் நாட்டுச் சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி, பதினோரு மணிக்கு ஹார்லிக்ஸ், மத்தியானம் நெய் ஊற்றிப் பிசைந்த சாதம், சாயங்காலம் பாதாம் பால். "ஒரு வேலையும் செய்யாதே, போய்ப் படு" என்ற உத்தரவு கூடவே.

வாய்ப்புண்ணும் குமட்டலுமாக எதுவுமே இறங்காத கீமோ வாரங்களில் இந்தக் கவனிப்பு அவசியம்தான். சிகிச்சை முடிந்து மாதக்கணக்கான பிறகும் அதே பந்தி நடப்பதுதான் ஆபத்து.

ஆபத்து எவ்வளவு? 2014இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 82 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் இருந்த பெண்கள் 2 லட்சத்து 13 ஆயிரம் பேர். நோய் தெரியவரும் முன்பே உடல்பருமனோடு இருந்தவர்கள், சரியான எடையில் இருந்தவர்களைவிட, மார்பகப் புற்றால் இறந்த விகிதம் 35 சதவீதம் அதிகம். எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் 41 சதவீதம் அதிகம். இது நூறு பேரில் 41 பேர் போய்விடுவார்கள் என்ற கணக்கு அல்ல. இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான ஒப்பீடு. ஆனாலும் சாதாரண வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் ரொம்ப ஒல்லியாக இருந்தவர்களுக்கும் இறப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

காரணம் கொழுப்புத் திசுவிலேயே இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். அதன்பின் அந்த வேலையைப் பெரும்பாலும் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது. அதிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பகப் புற்றுகளில் பெரும்பாலானவை அந்த ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் லெட்ரசோல் மாத்திரையின் வேலையே அரோமடேஸை முடக்குவதுதான். மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு கொழுப்பையும் சேர்ப்பது, ஒரு கையால் அடுப்பை அணைத்தபடி மறு கையால் விறகைத் தள்ளுவது மாதிரி. பருமனோடு கூடவே ஏறும் இன்சுலினும் புற்று செல்களுக்குத் தெம்பு. அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்கிக்கொள்ளும் தொல்லையும் எடை கூடியவர்களுக்கே அதிகம்.

"நான் காய்கறிதான் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2006இல் முடிவு வெளியான ஒன்றில், 2,437 பெண்களில் ஒரு பிரிவினருக்கு உணவில் கொழுப்பைக் கடுமையாகக் குறைத்தார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின், வழக்கம்போல் சாப்பிட்டவர்களில் 12.4 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களில் 9.8 சதவீதம். மறு ஆண்டு வந்த இன்னொன்றில், 3,088 பெண்களில் பாதிப் பேர் காய், பழம், நார்ச்சத்து என்று ஏகமாகச் சாப்பிட்டார்கள். ஏழு ஆண்டு கழித்தும் வித்தியாசம் பூஜ்யம். முதல் சோதனையில் எடை சில கிலோ இறங்கியது, இரண்டாவதில் இறங்கவில்லை. இதுதான் காரணம் என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தட்டில் கீரையைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் சோற்று மலையை அப்படியே வைத்துக்கொண்டால் எடை எப்படி இறங்கும்?

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 40 சதவீதப் பெண்கள் அதிக எடையோடு இருந்தார்கள். நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு) 23க்குள் இருக்க வேண்டும். 25ஐத் தொட்டால் உடல்பருமன். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 60 கிலோவைத் தாண்டினாலே அந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

இதைப் படித்த வேகத்தில் பட்டினி கிடக்கப் போகிறவர்களுக்கு இரண்டாவது உஷார்! "சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் சாகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். சிகிச்சையின் நடுவே சாப்பாட்டைக் குறைத்தால் கரைவது தசைதான். கீமோவைத் தாங்கவும் உடம்பில் தெம்பு வேண்டாமா? அதைவிட மோசம், டாக்டரை விட்டுவிட்டு ஜூஸ், மூலிகை என்று கிளம்புவது. முறையான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்று நோயாளிகள் இறக்கும் அபாயம், சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரையும் கவனம்! அது மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மருந்தின் ரத்த அளவைக் குறைப்பதாக 2019இல் நெதர்லாந்தில் கண்டார்கள். குழம்பில் போடும் மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. சோயாவைக் கண்டும் அலற வேண்டாம். ஷாங்காயில் 5,000 நோயாளிகளைக் கவனித்ததில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. மது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "கண்டதைத் தின்னதால்தான் உனக்கு வந்தது" என்று அந்தப் பெண்ணைக் குத்திக்காட்டும் உரிமை எவருக்கும் இல்லை. ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருகிறது.

வீட்டுக்காரர்களே, ஹார்லிக்ஸ் டம்ளரை வைத்துவிட்டு அவரோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்த பெண்கள் அதிக நாள் உயிரோடு இருந்ததை 2005இலேயே கண்டிருக்கிறார்கள். தட்டில் சோற்றைக் குறையுங்கள். பருப்பு, முட்டை, மீனைக் குறைக்காதீர்கள். அடுத்த ரெவ்யூவுக்குப் போகும்போது எடையையும் இடுப்பளவையும் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். போன தடவையைவிட ஏறியிருந்தால், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.