கல்லூரி நூலகத்தில் எது நிற்கும், எது போகும்

கல்லூரி நூலகத்துக்கு என்ன வாங்குவது என்பதை நூலகர் தனியாக முடிவு செய்வதில்லை. துறைகள் பரிந்துரைப் பட்டியல் தரும். நூலகக் குழு நிதியைப் பங்கிடும். அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, எத்தனை பிரதி தேவை என்றெல்லாம் சரிபார்த்து ஆர்டர் போடுவது நூலகர். வந்த புத்தகம் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண்ணும், பொருளுக்கேற்ற வகைப்பாட்டு எண்ணும் பெற்று அலமாரிக்குப் போகும்.

அங்கே அது என்ன ஆகிறது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969இல் வாங்கிய நூல்களை 1975 முடியக் கவனித்தார்கள். ஏறக்குறைய 40 விழுக்காடு ஒருமுறைகூட இரவலாகப் போகவில்லை. நன்றாகத் தேர்ந்தெடுக்கும் பெரிய நூலகத்துக்கே இந்த நிலை. அதனால்தான் இரவல் பதிவுகளைப் பார்க்காமல் அடுத்த ஆண்டுப் பட்டியலைப் போடக் கூடாது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிரி என்பது. வளர்வதென்றால் பழையதைக் கழிப்பதும் சேர்த்துத்தான். காலாவதியான வருமானவரி நூலும் பழைய மருந்தியல் நூலும் இடத்தை அடைப்பதோடு மாணவரைத் தவறான வழியிலும் விடும். இலக்கியத்துக்கும் வட்டார வரலாற்றுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. மறுபதிப்பு காணாத தமிழ் நூலை யாரும் எடுக்கவில்லை என்பதற்காகக் கழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பராமரிப்பு என்றதும் கரையானும் பைண்டிங்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தவறான தட்டில் செருகிய புத்தகமும் காணாமல் போன புத்தகம்தான். தினமும் யாராவது வரிசை பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இருப்புச் சரிபார்ப்பில் கணக்கு உதைக்குமோ என்ற பயத்தில் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கிறவர்கள் உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, ஆண்டில் இரவல் தரப்பட்டும் பார்வையிடப்பட்டும் புழங்கிய நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. அது நேர்மையின்மையாலோ அலட்சியத்தாலோ நேர்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அரிய நூலோ ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. தொலைவதைவிடப் பூட்டிவைப்பதே பெரிய இழப்பு.

மாணவர்களே, தேடிய புத்தகம் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். பெயரை எழுதி நூலகரிடம் கொடுங்கள்; அடுத்த பட்டியலில் அது இடம்பெற அதுவே வழி.