டங் டை, லிப் டை: குழந்தையின் நாக்குச் சவ்வை வெட்டணுமா, விட்டுடலாமா?

குழந்தை சரியா பால் குடிக்கலையா? மூணு வயசாகியும் பேச்சு தெளிவா இல்லையா? இன்ஸ்டாகிராம்ல தேடினா போதும், 'இது டங் டையா இருக்கலாம், லேசர்ல அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்'னு ரீல்ஸ் வரிசைகட்டி வரும். உண்மையில் யாருக்கு இந்தச் சிகிச்சை தேவை?

டங் டை என்றால் என்ன?

கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். அடியில் ஒரு மெல்லிய சவ்வு தெரியும். இது எல்லோருக்கும் உண்டு. அது குட்டையாகவோ தடிமனாகவோ இருந்து நாக்கை அசைய விடாமல் பிடித்து வைத்தால், அதுதான் டங் டை. மேல் உதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு இறுக்கமாக இருந்தால் லிப் டை என்கிறார்கள். சவ்வு பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட, நாக்கு தன் வேலையைச் செய்கிறதா என்பதே முக்கியம்.

பால் குடிக்கச் சிரமப்பட்டால்?

மார்பைப் பிடித்துக்கொள்ள முடியாமல் குழந்தை நழுவுவது, எடை ஏறாதது, அம்மாவுக்குக் காம்பில் புண், வலி... இவை டங் டையின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால், குழந்தையைச் சரியான நிலையில் பிடிக்காவிட்டாலும் இதெல்லாம் வரும்.

அமெரிக்காவின் பாஸ்டனில் 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அறுவை சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை, பால் குடிக்கும் முறையை ஆராயும் நிபுணர் குழு முதலில் பரிசோதித்தது. 62.6 சதவிகிதம் பேருக்கு அறுவை சிகிச்சையே செய்யப்படவில்லை.

அதற்காக, சிகிச்சையே வீண் என்று அர்த்தமில்லை. 302 குழந்தைகள் பங்கேற்ற 5 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, சவ்வை வெட்டிய பின் தாயின் வலி குறைந்தது என்கிறது. குழந்தை பால் குடிப்பது மேம்பட்டதா என்பதில் மட்டும் சீரான முடிவு கிடைக்கவில்லை.

லேசர்தான் பெஸ்ட்டா?

பிறந்த சில வாரங்களில் கத்தரிக்கோலால் சில விநாடிகளில் சவ்வை வெட்டிவிடலாம். ரத்தம் சில சொட்டுதான் வரும், உடனே பால் கொடுக்கலாம். லேசர் இதைவிடச் சிறந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024-ல் சொல்லிவிட்டது. பால் குடிப்பதற்காக லிப் டையை வெட்டுவதையும் அது ஆதரிக்கவில்லை.

மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளியா? அவசரம் வேண்டாம். நிரந்தரக் கோரைப்பற்கள் முளைக்கும்போது (சுமார் 11, 12 வயதில்) பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.

பேச்சு வரலைன்னா?

பேச்சு தாமதமாவதற்கு டங் டை காரணமல்ல. அப்படியான குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் திறன் பரிசோதனை. வார்த்தைகள் வந்தும் சில ஒலிகள் மட்டும் தெளிவில்லை என்றால், ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். ர, ழ போன்ற ஒலிகள் பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். நாக்கில் வசம்பு தேய்த்தால் சவ்வு தளராது. அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையங்களிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

பெரியவர்களுக்கு?

பலர் டங் டையோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். சில ஒலிகளில் சிக்கல், ஐஸ்க்ரீம் நக்கக்கூட நாக்கை நீட்ட முடியாதது, ஈறு இறங்குவது, பல்செட் பொருந்தாதது போன்றவை இருந்தால் சிகிச்சை பற்றி யோசிக்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள், சிலருக்குத் தையல் தேவைப்படும். பல வருடப் பேச்சுப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. பயிற்சியும் வேண்டும்.

ஓகே சொல்லும் முன் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்

1. இந்தச் சவ்வால் என் குழந்தைக்கு என்ன செய்ய முடியவில்லை?

2. பால் கொடுக்கும் முறையை யாராவது நேரில் பார்த்துச் சரிசெய்தார்களா?

3. பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா? குடும்பத்தில் ரத்தம் உறையாத பிரச்னை யாருக்காவது உண்டா?

4. இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரிடம் கருத்து கேளுங்கள். ஆனால், குழந்தையின் எடை ஏறவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே குழந்தை நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.