பிழைவிட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் எந்த ஆட்சியில் எழுத்துருவம் பெற்றது? இந்தக் கேள்விக்கு ‘ஆங்கிலேயர்’ என்று யோசிக்காமலே வட்டமிடுகிறவர்கள் உண்டு. நீதிமன்றம், கறுப்பு அங்கி, வழக்குக் கட்டு எல்லாமே வெள்ளைக்காரன் கொண்டுவந்தவைதானே என்ற நினைப்பு. சரியான விடை ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுதி, 1707 தொடக்கத்தில் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். ஆங்கிலேயர் செய்ததெல்லாம் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1806இல், அதை ஓர் ஒழுங்குவிதியால் ஏற்றுக்கொண்டதுதான்.

‘நிச்சயம் இதுதான்’ என்று நம்பி எழுதிய விடை பிழையாகிப் போனால் மனம் திடுக்கிடுகிறது. பற்றர்ஃபீல்ட், மெற்காஃப் என்ற இரு உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் திடுக்கிடலைப் பற்றியது. அரைகுறை நம்பிக்கையோடு விட்ட பிழைகளைவிட முழு நம்பிக்கையோடு விட்ட பிழைகள்தான், சரியான விடையைக் காட்டிய பிறகு, எளிதில் திருந்தின.

இத்தகைய கேள்விகளுக்குத் தயாராகிறவர்கள் யாழ்ப்பாணத்து அரியாலையிலும் உண்டு. அங்கிருந்து கொழும்பு புதுக்கடை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கண்டி வீதியில் நாவற்குழிப் பக்கம் போகும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு வளரும் பிள்ளைகளில் சிலருக்கு, அந்தப் புதுக்கடையில் உள்ள, 1874 முதல் இயங்கிவரும் இலங்கைச் சட்டக் கல்லூரிதான் கனவு. அங்கே நுழைய ஒரு போட்டிப் பரீட்சை இருக்கிறது. மொழித்திறனும் பொது அறிவும் நுண்ணறிவும் அதில் சோதிக்கப்படுகின்றன. தமிழிலேயே தோற்றுகிறவர்கள் பலர். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது.

பரீட்சை நெருங்கினால் கடந்தகால வினாத்தாள்கள் கைமாறும். ரியூட்டரிகள் மாதிரி வினாத்தாள் போடும். வழியில் காண்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “பேப்பர் செய்து பார்த்தனியோ? எத்தனை புள்ளி?”

புள்ளியைச் சொல்லிவிட்டு வினாத்தாளை மடித்து வைத்துவிடுவதில்தான் வினை இருக்கிறது. பலரும் பயிற்சி வினாத்தாளைக் காய்ச்சல் பார்க்கும் கருவிபோல நினைக்கிறார்கள்: எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் அது மருந்தாகாது. ஆய்வுகளோ அதுவே மருந்தும்கூட என்கின்றன.

அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட பரிசோதனை எளிமையானது. மாணவர்கள் ஒரு பந்தியை வாசித்தார்கள். பின்னர் ஒரு பகுதியினர் அதையே திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள்: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களிடம் 42 வீதம் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56.

முதல்நாள் இரவு மஞ்சள் மார்க்கரால் கோடிட்டுக் கோடிட்டு வாசித்தவருக்கு எல்லாம் தெரிந்ததுபோல இருப்பதற்கும் காரணம் உண்டு. பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழக்கத்தை மனம் அறிவென்று கணக்கெழுதிவிடுகிறது. டன்லொஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற வரிசையில் விழுந்தன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்வரிசையில் நின்றன.

யாழ்ப்பாணத்துக்கு இது முற்றிலும் புதிய சேதியல்ல. 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் சைவ சமயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட வடிவம் வினாவிடை. திண்ணைப் பள்ளியில் ஏட்டை மூடிவைத்து முறை சொன்ன பிள்ளைகளும் நினைவிலிருந்து எடுத்துத்தான் பாடம் ஒப்பித்தார்கள்.

ஆனால் பல்தேர்வு வினாக்களில் ஒரு பொறி உண்டு. நான்கு தெரிவுகளில் மூன்று பொய். பிழையானதைத் தெரிவுசெய்துவிட்டு விடையைப் பார்க்காமல் எழுந்துபோனால், அந்தப் பொய்யே பிறகு உண்மைபோல நினைவில் வந்து நிற்கக்கூடும். இந்த ஆபத்தை 2005இல் காட்டிய ஆய்வாளர்களில் ஒருவர் அதே ரோடிகர். விடையைச் சொல்லிக் கொடுத்தால் கெடுதல் வெகுவாகக் குறைகிறது என்று 2008இல் அவரும் பட்லரும் காட்டினார்கள். ஒரு மணி நேரம் வினாத்தாள் செய்தவர் அதைத் திருத்தவும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது வீணல்ல.

திருத்தும்போது எல்லாப் பிழைக்கும் ஒரே சிவப்புக் கோடு போதாது. கொப்பியில் மூன்று நிரல் போடலாம். முதலாவது, அறவே தெரியாதவை: அடிப்படை உரிமை மீறல் மனுவை எந்த நீதிமன்றத்தில், எவ்வளவு காலத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதுபோல. 1978 அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையைத் தேடி, உயர் நீதிமன்றம், ஒரு மாதம் என்று கண்டுகொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, தெரிந்திருந்தும் மாறிப்போனவை: ‘பொருந்தாதது எது’ என்ற வினாவில் பொருந்துவதை வட்டமிடுவது இந்த வகை. இதற்கு மேலும் புத்தகம் படித்துப் பயனில்லை. வினாவின் முக்கியச் சொல்லுக்குக் கீழே கோடிடும் பழக்கம் வேண்டும். மூன்றாவது, நேரம் போதாமல் விட்டவை. ஒரு நுண்ணறிவுக் கணக்கோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டியவர் கடைசிப் பத்து வினாக்களைப் பார்க்காமலே எழுந்திருப்பார். மணிக்கூட்டை மேசையில் வைத்துச் செய்தால்தான் இந்தக் குறை வெளியே வரும்.

மொழிப் பகுதியில் தனியே திருத்துவது கடினம். தான் எழுதிய சுருக்கம் தனக்குத் தெளிவாகத்தான் இருக்கும். மூலப் பந்தியை வாசிக்காத ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, “இதிலை என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டால் ஓட்டை தெரிந்துவிடும். இருவர் சேர்ந்து படித்தால் தாள்களை மாற்றிக்கொள்ளலாம்.

பழைய வினாத்தாள்களுக்கு வயதும் ஆகிறது. அமெரிக்க, கனேடியச் சட்டப் பள்ளிகளுக்கான எல்சாற் பரீட்சை, பல காலம் மாணவர்களை வாட்டிய தர்க்கப் புதிர்ப் பகுதியை 2024 ஓகஸ்டில் கைவிட்டது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் அண்ணன் அக்காவின் புத்தகத்தை அப்படியே எடுத்துப் படித்தால் நேரம்தான் போகும். இந்தியாவின் சட்டப் படிப்பு நுழைவுப் பரீட்சையான கிளாற், 2024 நுழைவுக்கான தாளில் 150 வினாக்களை 120ஆகக் குறைத்தது. அதில் பிழையான விடைக்குக் கால் புள்ளி வெட்டும் உண்டு. அங்கே குருட்டுவாக்கில் வட்டமிடுவதற்கும் வெட்டு இல்லாத பரீட்சையில் வட்டமிடுவதற்கும் கணக்கு வேறு. எந்தப் பரீட்சையானாலும் அந்தந்த ஆண்டின் அறிவித்தலை முதலில் வாசித்துவிடுவது நல்லது.

நடப்பு விவகாரங்கள் பழைய தாளில் இருக்கவே மாட்டா. அதற்குச் செய்தியைத் தானே வினாவாக்க வேண்டும். அரியாலையில் அதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. 2025 பெப்ரவரியில் சிந்துபாத்தி இந்து மயானத்தில் தகன மேடை கட்ட நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. ஊரே துயரோடு பார்த்த அந்தச் செய்தியிலிருந்து சட்டம் படிக்க விரும்பும் ஒருவர் கேட்க வேண்டியவை பல: அகழ்வுக்கு உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு? தொல்லியலாளரின் வேலை எது, சட்ட வைத்திய அதிகாரியின் வேலை எது? எடுக்கப்பட்ட எச்சங்கள் யாருடைய பொறுப்பில் இருக்கும்? பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இவற்றுக்கு விடை எழுதிப் பார்ப்பவருக்குச் செய்தி வெறும் தலைப்பாக நின்றுவிடாது.

மூன்று நிரல் கொப்பியைத் திரும்பத் திறப்பதற்கும் நாட்குறிப்பு வேண்டும். பிழைவிட்ட வினாவை இரண்டு நாளில் ஒருமுறை, ஒரு கிழமையில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை விடையை மறைத்துக்கொண்டு செய்யலாம். கொஞ்சம் மறந்த பிறகு முயன்று எடுத்தால்தான் பலன் கூடுதல்.

கிழமை ஒன்று கழிந்து தேசவழமைக் கேள்வி மறுபடி வருகிறது. ஒல்லாந்தர், ஐசாக்ஸ், 1707 எல்லாம் தடையில்லாமல் வந்துவிடுகின்றன. சரிபார்த்த முதலியார்கள் எத்தனை பேர் என்பதில் பேனை நிற்கிறது. பத்தா, பன்னிரண்டா? விடையை மறைத்திருந்த அடிமட்டம் மெல்ல விலகுகிறது. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் இன்னொரு திகதி குறிக்கப்படுகிறது.