அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விடுபட்டிருக்கிறதா? பதிவைத் திருத்துவது எப்படி?

ஏற்காட்டுக்கு அப்பால், நாகலூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகள் வார விடுமுறைக்கு வந்திருக்கிறார். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைக்கும்போது அப்பாவின் ராணுவக் காகிதங்கள் கண்ணில் படுகின்றன. 1982-ல் சேர்ந்து 1999-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர்.

“அப்பா, நீங்க 97-ல சர்வீஸ்லதானே இருந்தீங்க? அந்த 50-வது சுதந்திர தின மெடல் இதுல இல்லையே?”

“வரும்னு சொன்னாங்கம்மா. அதுக்குள்ள எனக்கு யூனிட் மாறிடுச்சு. அப்புறம் யார் போய்க் கேக்குறது?”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ‘யார் போய்க் கேக்குறது’ என்று விட்டுவிடுவது முன்னாள் படைவீரர் வீடுகளுக்குப் புதிதல்ல. விடுபட்ட மெடலைக் கேட்டு வாங்க முடியுமா? பதிவேட்டைத் திருத்த முடியுமா? முடியும். எந்த மெடல் விடுபட்டது, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை சுலபமாகவோ கடினமாகவோ இருக்கும்.

முதலில் ஒரு வித்தியாசம்

ராணுவ மெடல்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் வகை, பணிக்கான மெடல்கள். இவற்றை யாரும் ‘பார்த்துக் கொடுப்பது’ இல்லை. தகுதி இருந்தால் உரிமை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25-வது சுதந்திர ஆண்டு மெடல். 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்கு 50-வது ஆண்டு மெடல். 9, 20, 30 ஆண்டுகள் பணிக்கு நீண்ட சேவை மெடல்கள். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், அந்தக் காலகட்டத்தில் பணியில் இருந்தவர்களுக்குச் சங்க்ராம் மெடல். சியாச்சின் பனிப்பாறை, உயர்மலைப் பகுதி, கார்கில் காலத்து ஆபரேஷன் விஜய், 2001-02 ஆபரேஷன் பராக்ரம் என்று பட்டியல் நீளும்.

இரண்டாவது வகை, வீரதீர விருதுகள். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா, சேனா மெடல். இவற்றுக்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், பல கட்டங்களில் பரிசீலிக்க வேண்டும், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அரசிதழில் வெளியாக வேண்டும்.

பணி மெடல் விடுபட்டால் அது எழுத்துப் பிழை மாதிரி. ஆதாரம் காட்டினால் திருத்தலாம். வீரதீர விருது ‘கிடைத்திருக்க வேண்டும்’ என்பது வேறு விஷயம். அங்கே திருத்த வேண்டியது பதிவை அல்ல, அன்றைய முடிவை. விருது அரசிதழில் வந்தும் டிஸ்சார்ஜ் புக்கில் ஏறவில்லை என்றால் மட்டும், அதுவும் முதல் வகை மாதிரியான பதிவுப் பிழைதான்.

எங்கே விடுபடுகிறது?

ஒரு ராணுவ வீரரின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் (கல்யாணம், குழந்தை, இடமாற்றம், பதவி உயர்வு, மெடல்) அவருடைய யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளியிடும். அது அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அவருடைய பணிப் பதிவில் ஏறும். ஓய்வு பெறும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் புக், அந்தப் பதிவைப் பார்த்து எழுதப்படுவதுதான்.

ஆக, யூனிட்டில் அந்த ஒரு வரி உத்தரவு வெளியாகவில்லை என்றால், அதன் பிறகு எங்கேயும் அந்த மெடல் இருக்காது. மெடல் அறிவிக்கப்படும் நேரத்தில் இடமாற்றம் வந்தால் இந்தச் சிக்கல் எளிதாக முளைக்கும். பழைய யூனிட், ‘புது யூனிட் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடும். புது யூனிட், ‘பழைய யூனிட் அனுப்பியிருக்கும்’ என்று நினைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, பெயர். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். ராணுவப் படிவத்தில் அது விரிந்து பின்னால் போகும். ஒரு காகிதத்தில் ‘க. பெருமாள்’, இன்னொன்றில் ‘பெருமாள் கந்தசாமி’ என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ராணுவ எண்தான் சாட்சி. மெடலின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறிக்கப்படும் என்பதால், பெயர்ப் பிழையை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.

23 ஆண்டுகள் கழித்து வந்த மகாவீர் சக்ரா

வீரதீர விருது தாமதமாகக் கிடைத்ததே இல்லையா? கிடைத்திருக்கிறது. அந்தக் கதையின் நாயகரும் ஒரு காபி மலைக்காரர்தான். சேர்வராயன் மலை அல்ல, கர்நாடகத்தின் குடகு மலை. பெயர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா, விமானப் படையில் ஸ்குவாட்ரன் லீடர்.

1965 செப்டம்பர் 7. பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க இந்திய மிஸ்டேர் விமானங்கள் கிளம்பின. தேவய்யா அன்று மாற்று விமானிதான். கூட்டத்தில் ஒரு விமானம் விலகவே, அந்த இடத்தில் அவர் சேர்ந்துகொண்டார். திரும்பி வரவில்லை. எப்படி வீழ்ந்தார் என்று பார்த்தவர்கள் இந்தியத் தரப்பில் யாரும் இல்லை. பதிவேட்டில் ‘காணவில்லை’ என்று எழுதப்பட்டு, பிறகு இறந்ததாகக் கருதப்பட்டார்.

1979-ல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கர், பாகிஸ்தான் தரப்புத் தகவல்களோடு அந்த வான் போரைப் பற்றி எழுதிய புத்தகம் வெளியானது. அன்று ஒரு மிஸ்டேர், தன்னைவிட வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தோடு மோதி அதை வீழ்த்தியது என்ற விவரம் அதில் இருந்தது. திரும்பி வராத மிஸ்டேர் எது என்று பார்த்தபோது அது தேவய்யாவுடையது என்று தெரிந்தது. 1988-ல், அதாவது 23 ஆண்டுகள் கழித்து, அவருக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. 2025-ல் அக்ஷய் குமார் நடித்து வந்த ‘ஸ்கை ஃபோர்ஸ்’ படத்துக்கு மூலம் இந்தச் சம்பவம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, நினைவுகளும் பாராட்டுகளும் அந்தப் பதிவை மாற்றவில்லை என்பதுதான். சம்பவத்தை வேறொரு இடத்திலிருந்து பார்த்தவர்களின் ஆவணம் கிடைத்த பிறகுதான் அது மாறியது. எதிரி தரப்பு ஆவணம் என்பது அபூர்வம். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: சொந்த வார்த்தைக்கு வெளியே ஒரு காகிதம் வேண்டும்.

மெடல் இல்லாவிட்டால் என்ன குறைகிறது?

வீரதீர விருதுகளுக்கு மாதாந்திரத் தொகை உண்டு. 2017 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த உயர்வின்படி, பரம்வீர் சக்ராவுக்கு மாதம் ரூ.20,000, மகாவீர் சக்ராவுக்கு ரூ.10,000, வீர் சக்ராவுக்கு ரூ.7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு ரூ.2,000. கல்லூரிச் சேர்க்கையில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில், மத்திய அரசின் முன்னுரிமை வரிசையில் வீரதீர விருது பெற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் அந்த வரி இல்லையென்றால், கவுன்சலிங் மேசையில் விளக்கம் சொல்லிப் பயனில்லை.

பணி மெடல்களுக்கு இப்படிப் பணப் பலன் கிடையாது. ஆனால் ஒருவர் எங்கே, எந்தக் காலத்தில் நின்றார் என்பதற்கு அரசே கொடுத்த சான்று அது. ‘நான் 71-ல் இருந்தேன்’ என்று தாத்தா சொல்வதற்கும், அவர் சட்டையில் பூர்வி ஸ்டார் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

1. டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை இரண்டையும் எடுத்து வையுங்கள். ராணுவ எண், பதவி, பணியாற்றிய யூனிட்டுகள், இடங்கள், தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் நல்லது. அந்தப் பட்டியலை மெடல்களின் தகுதித் தேதிகளோடு ஒப்பிட்டாலே எது விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

2. மூன்று நிலைமைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவிலேயே இல்லை என்றால் பதிவுத் திருத்தம் கேட்க வேண்டும். பதிவில் இருக்கிறது, மெடல் மட்டும் கைக்கு வரவில்லை என்றால் மெடலை வழங்கும்படி கேட்க வேண்டும். வந்த மெடல் தொலைந்துவிட்டது என்றால் மாற்று மெடலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றும் வேறு வேறு விண்ணப்பங்கள்.

3. துணை ஆதாரம் தேடுங்கள். பார்ட் டூ ஆர்டர் நகல் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் இடமாற்ற உத்தரவு, விடுப்புச் சான்று, ராணுவ மருத்துவமனைச் சீட்டு, யூனிட் குரூப் போட்டோ, வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். ‘56 ஏ.பி.ஓ.’ என்று முகவரியிட்ட கடிதம் சரியான இடத்தைக் காட்டாது. ஆனால் யூனிட்டின் பெயரையும் தேதியையும் காட்டும்.

4. சரியான ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, இ.எம்.இ. செகந்திராபாத், ராணுவ மருத்துவப் பிரிவு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப் படை வீரர்களுக்கு டெல்லி. அதிகாரிகளின் பதிவுகள் டெல்லி தலைமையகத்தில் இருக்கும்.

5. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ராணுவ எண் முதல் வரியில் வர வேண்டும். எந்த மெடல், எந்தத் தேதியில் எந்த யூனிட்டில் இருந்ததால் தகுதி, என்ன ஆதாரம் இணைப்பு, அவ்வளவு போதும். நகல்களை மட்டும் அனுப்புங்கள், ஒரிஜினலை அனுப்பாதீர்கள். ஸ்பீட் போஸ்டில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்காடு, மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துக்காரர்கள் வெலிங்டன் வரை அலைய வேண்டியதில்லை. சேலத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகவும் விண்ணப்பத்தை அனுப்பலாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போதும். வீரர் இறந்திருந்தால் மனைவியோ வாரிசோ, அந்த உறவுக்கான சான்றோடு விண்ணப்பிக்கலாம்.

பதில் வரவில்லையா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரூ.10 கட்டணத்தில், அவருடைய பணிப் பதிவில் உள்ள மெடல் விவரங்களின் நகலைக் கேட்கலாம். ஆன்லைனிலும் முடியும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாட்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். ‘ஏன் மெடல் தரவில்லை?’ என்று கேட்காதீர்கள், ‘இந்தப் பதிவின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். இந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். மனு கொடுத்து 6 மாதமாகியும் பதிலே இல்லையென்றால், அடுத்த 6 மாதங்களுக்குள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மன்னிக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

உண்மையான எதிரி காலம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையிலான ராணுவப் பணிக் கோப்புகள் அழிந்தன. அங்கே இன்றும் பழைய சம்பளப் பட்டியல்களை வைத்து முன்னாள் வீரர்களின் பணியை நிரூபிக்கிறார்கள். லண்டனில் 1940 குண்டுவீச்சில் முதல் உலகப் போர்ப் படைவீரர்களின் கோப்புகள் பெருமளவில் எரிந்துபோயின.

இங்கே தீ தேவையில்லை, விதியே போதும். ஓய்வூதியம் பெறாமல் ராணுவத்திலிருந்து விலகியவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்படுகின்றன. சுருக்கமான பதிவு மட்டுமே மிஞ்சும். குறைந்த காலம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய விண்ணப்பம்தான் முதலில் போக வேண்டும்.

கடையில் நகல் மெடல் வாங்கிவிடலாமே என்று தோன்றும். வாங்கலாம். ஆனால் பதிவில் வரி ஏறாது. விண்ணப்பம் போட்டு, திருத்தம் வந்து, மெடல் கைக்குச் சேர மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதனால்தான் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தகரப் பெட்டியை இறக்க வேண்டும். காகிதங்களை ஒவ்வொன்றாக போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தை எந்த வருஷமும் தேடலாம். அதைப் பார்த்து ‘இது லே-யில இருந்தப்போ எடுத்தது’ என்று சொல்ல அவர் இருக்க வேண்டும்.